ராக்கெட்டை பறக்க வைக்கும் 'வெள்ளை உப்பு'! மலைக்கோட்டை முதல் குலசை வரை ஒரு அலசல்

திண்டுக்கல்:-

ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ராக்கெட் கிளம்பினால் போதும். டீக்கடை டி.வி. முன்னால் கூட்டம் கூடிவிடும். நெருப்பை கக்கிக்கொண்டு ராக்கெட் மேலே ஏறும்போது எல்லாரும் கைதட்டுவார்கள். "இதுக்கு என்னப்பா ஊத்துறாங்க? பெட்ரோலா, மண்ணெண்ணெயா?" என்று யாராவது ஒருத்தர் கேட்பார். பக்கத்தில் இருப்பவருக்கு பதில் தெரியாது.

பதில் ரொம்ப சிம்பிள். பி.எஸ்.எல்.வி. ராக்கெட் தரையை விட்டு கிளம்பும்போது எரிவதில் பெரும்பங்கு ஒரு வெள்ளை உப்பு. பார்க்க சர்க்கரை மாதிரி, கல் உப்பு பொடி மாதிரி இருக்கும். அதன் பெயர் அம்மோனியம் பெர்குளோரேட்.

வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் தென்மாவட்ட மக்கள் இந்த பெயரை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் 2-வது ராக்கெட் ஏவுதளம் வருகிறது. அங்கிருந்து பறக்கப்போகும் ராக்கெட் இந்த உப்பை நம்பித்தான் பறக்கும். இந்த உப்பால் வரும் வேலைவாய்ப்பும் இந்த பக்கத்துக்குத்தான், ஆபத்து வந்தால் அதுவும் இந்த பக்கத்துக்குத்தான்.

அது என்ன பெர்குளோரேட்?

அடுப்பு எரிய விறகு மட்டும் போதாது, காற்றும் வேண்டும். ஊதாங்குழலால் ஊதினால் நெருப்பு குப்பென்று பிடிப்பது அதனால்தான். காற்றில் இருக்கும் ஆக்சிஜன்தான் நெருப்புக்கு சோறு.

ராக்கெட்டுக்கு இங்கேதான் சிக்கல். மேலே போகப்போக காற்று கிடையாது. அதனால் ராக்கெட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த ஆக்சிஜன் மூட்டைதான் இந்த வெள்ளை உப்பு.

பெயரை பிரித்தால் விஷயம் புரியும். அம்மோனியம் என்பது அம்மோனியாவில் இருந்து வருவது. குளோரேட் என்றால் குளோரினோடு ஆக்சிஜன் சேர்ந்தது. ஊர் தண்ணீர் தொட்டியில் போடும் அதே குளோரின்தான். 'பெர்' என்றால் கூடுதல். குளோரேட்டில் ஒரு குளோரினுக்கு 3 ஆக்சிஜன் என்றால் பெர்குளோரேட்டில் 4. எடைபோட்டு பார்த்தால் 100 கிலோ அம்மோனியம் பெர்குளோரேட்டில் 54 கிலோ வெறும் ஆக்சிஜன்!

இந்த உப்போடு அலுமினிய பொடியையும் ரப்பர் மாதிரியான ஒரு பிசினையும் சேர்த்து மாவு மாதிரி பிசைகிறார்கள். அதை ராக்கெட் குழாய்க்குள் ஊற்றி சூடு காட்டி இறுக வைக்கிறார்கள். காய்ந்த பிறகு தொட்டுப் பார்த்தால் பள்ளிப்பிள்ளைகளின் அழிரப்பர் மாதிரி இருக்கும். இதற்குத்தான் திட எரிபொருள் என்று பெயர். 10 பங்கு கலவையில் 7 பங்கு இந்த உப்பேதான்.

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் அடிப்பகுதியில் மட்டும் 138 டன் திட எரிபொருள் நிரப்புகிறார்கள். அதில் 90 டன்னுக்கு மேல் பெர்குளோரேட். 10 டன் லாரி என்றால் 9 லோடு. 2023 ஜூலை 14-ந்தேதி சந்திரயான்-3-ஐ தூக்கிக்கொண்டு போன ராக்கெட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த பூஸ்டர்களில் 400 டன்னுக்கு மேல் திட எரிபொருள் இருந்தது. இத்தனையும் இரண்டே சொச்சம் நிமிடத்தில் எரிந்து முடிந்துவிடும்.

ஒரு விஷயம் முக்கியம். மோட்டார் சைக்கிளை போல இதை நினைத்த நேரத்தில் ஆஃப் பண்ண முடியாது. ஒரு தடவை பற்றிக்கொண்டால் தீரும் வரை எரியும். இதன் பலமும் அதுதான், பயமும் அதுதான்.

மலைக்கோட்டையில் அன்றைக்கே வெடியுப்பு

ராக்கெட்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் பழசு.

மதுரை நாயக்கர்கள் 1605-ல் கட்ட ஆரம்பித்த திண்டுக்கல் மலைக்கோட்டை 1755 வாக்கில் ஐதர் அலி கைக்கு வந்தது. மைசூர் ராஜ்யத்தின் சார்பில் திண்டுக்கல்லுக்கு பவுஜ்தாராக, அதாவது படைத்தலைவராக வந்தவர் அவர். பிரெஞ்சு நிபுணர்களை வரவழைத்து பீரங்கிப்படை, ஆயுதச்சாலை, வெடிமருந்து தயாரிக்கும் கூடம் எல்லாம் இங்கேதான் உருவாக்கினார். பிற்காலத்தில் மைசூருக்கே ராஜா மாதிரி ஆன ஐதர் அலி, படைபலத்தை திரட்ட ஆரம்பித்த இடம் இந்த பாறைக்கோட்டைதான். இன்றும் கோட்டைக்கு மேலே ஏறினால் வெடிமருந்து கிடங்கு, பீரங்கி மேடைகளை பார்க்கலாம்.

அந்த காலத்து வெடிமருந்துக்கு ஆக்சிஜன் கொடுத்தது வெடியுப்பு. விஞ்ஞானப்பெயர் பொட்டாசியம் நைட்ரேட். 100 கிலோ வெடியுப்பில் 47 கிலோ ஆக்சிஜன். இன்றைய ராக்கெட் உப்புக்கு இதுதான் தாத்தா.

ஐதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் இந்த மருந்தை இரும்பு குழாய்க்குள் அடைத்து, மூங்கில் கழியில் கட்டி பறக்கவிட்டார்கள். மற்ற ஊர்களில் காகிதம், மூங்கில் குழாயில் வாணம் விட்ட நேரத்தில் இரும்பு குழாய் போட்டதுதான் இவர்கள் மூளை. குழாய் தாங்கியதால் மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது. ராக்கெட் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்தது.

1780 செப்டம்பர் 10-ந்தேதி காஞ்சீபுரம் பக்கம் பொள்ளிலூரில் நடந்த சண்டையில் வெள்ளைக்கார கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதற்கு மைசூர் ராக்கெட்டுகளே காரணம் என்று வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அங்கே கிடைத்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்கு கப்பலேறின. அதை பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் இங்கிலாந்து ராக்கெட்டை வடிவமைத்தார்.

2018-ல் கர்நாடகாவில் சிவமொக்கா மாவட்டம் நகரா என்ற ஊரில் ஒரு பாழுங்கிணற்றை தோண்டியபோது திப்பு காலத்து ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. உள்ளே இருந்த மருந்தை சோதித்தால் அதில் அதே பொட்டாசியம் நைட்ரேட்!

தோட்டத்திலும் இருக்கு, தீப்பெட்டியிலும் இருக்கு

இந்த உப்பு வகைகள் ராக்கெட்டுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஒட்டன்சத்திரம் பக்கம் சொட்டுநீர் போட்டு காய்கறி பயிர் செய்யும் விவசாயிகளுக்கு '13-0-45' என்றால் தெரியும். உரக்கடையில் மூட்டை மூட்டையாக விற்கிறது. அது வேறு எதுவும் இல்லை, ஐதர் அலியின் அதே பொட்டாசியம் நைட்ரேட்தான். பயிருக்கு அது தழைச்சத்தும் சாம்பல்சத்தும் தருகிறது. மாமரம் பூக்க அடம்பிடித்தால் இதையே தண்ணீரில் கரைத்து தெளிக்கச் சொல்வார்கள் வேளாண் அதிகாரிகள்.

தீக்குச்சி மருந்தில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். ஆகாயத்தில் கலர் கலராக விரியும் வாணவேடிக்கையில் பொட்டாசியம் பெர்குளோரேட்டும் சேருகிறது. அக்னி ஏவுகணை, பினாகா ராக்கெட் என்று ராணுவம் வைத்திருக்கும் பல ஆயுதங்களுக்கு அம்மோனியம் பெர்குளோரேட் கலந்த திட எரிபொருள்தான் மூச்சு. 1950-களில் தைராய்டு அதிகமாக சுரந்த நோயாளிகளுக்கு பொட்டாசியம் பெர்குளோரேட்டை மருந்தாகவே கொடுத்தார்கள் டாக்டர்கள். இந்த கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ராக்கெட் உப்பு தயாராவதும் சாதாரண உப்பில் இருந்துதான். உப்பு கரைசலில் மின்சாரத்தை பாய்ச்சினால் அது குளோரேட்டாக மாறும். மறுபடியும் மின்சாரம் பாய்ச்சினால் பெர்குளோரேட். அதோடு அம்மோனியம் குளோரைடை சேர்த்தால் ராக்கெட் உப்பு ரெடி. இஸ்ரோவுக்கு இதற்கென்றே கேரளாவில் ஆலுவா பக்கம் ஒரு ஆலை இருக்கிறது.

குலசையில் என்ன நடக்கிறது?

குலசேகரன்பட்டினம் என்றதும் திண்டுக்கல்காரர்களுக்கு முத்தாரம்மன் கோவில் தசராதான் ஞாபகம் வரும். அந்த ஊரில்தான் 2 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலத்தில் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28-ந்தேதி பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார்.

ஏன் அங்கே? ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து தெற்கு பார்த்து ராக்கெட் விட்டால் குறுக்கே இலங்கை. அதன் தலைக்கு மேல் போகக்கூடாது என்பதால் ராக்கெட் வளைந்து போகிறது. பெரிய ராக்கெட் என்றால் தாங்கும். சின்ன ராக்கெட்டுக்கு வளைவதிலேயே எரிபொருள் தீர்ந்துவிடும். குலசையில் இருந்து விட்டால் நேராக தெற்கே கடல்தான். வளைய வேண்டாம்.

அங்கிருந்து பறக்கப்போவது எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட். 500 கிலோ வரை சுமக்கும். 2022 ஆகஸ்டில் முதல் முயற்சி தோற்றது. 2023 பிப்ரவரியிலும் 2024 ஆகஸ்டிலும் ஜெயித்தது. இதன் மூன்று பெரிய அடுக்குகளும் திட எரிபொருளில் ஓடுபவை. குலசேகரன்பட்டினம் பக்கத்திலேயே விண்வெளி தொழில், உந்து எரிபொருள் பூங்கா ஒன்றை டிட்கோ மூலம் அமைக்கும் திட்டத்தையும் தமிழக அரசு அறிவித்திருக்கிறது.

வேலை வரும், ஊர் வளரும். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் எரிபொருள் தொழில் வரும் இடத்தில் இரண்டு கேள்விகள் கூடவே வரும். கலக்குபவன் உயிருக்கு என்ன பாதுகாப்பு? கழுவிய தண்ணீர் எங்கே போகும்?

பொறி பட்டால் அவ்வளவுதான்

முதல் கேள்விக்கு பதில் சொல்லும் சம்பவங்கள் உலகம் முழுக்க கிடக்கின்றன.

அமெரிக்காவில் 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்து 7 பேர் பலியானார்கள். அதன் பிறகு விண்கல பயணங்களை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் உப்பு ஆலை மட்டும் நிற்கவில்லை. வாங்க ஆள் இல்லாமல் நெவாடா மாநிலம் ஹெண்டர்சன் நகர ஆலையில் சரக்கு குவிந்தது. கிட்டத்தட்ட 4 ஆயிரம் டன். 1988 மே 4-ந்தேதி அங்கே தீப்பிடித்து அடுத்தடுத்து வெடித்தது. 2 பேர் செத்தார்கள், 370 பேர் வரை காயம். பக்கத்தில் இருந்த மிட்டாய் ஆலை தரைமட்டம். நிலநடுக்கம் அளக்கும் கருவியில்கூட அந்த அதிர்ச்சி பதிவானது. அதன் பிறகுதான் ஆலையை ஊரை விட்டு தள்ளி வேறு மாநிலத்துக்கு கொண்டுபோனார்கள்.

பிரேசில் நாட்டு அல்காந்தரா ஏவுதளத்தில் 2003 ஆகஸ்ட் 22-ந்தேதி கிளம்ப வேண்டிய நாளுக்கு முன்பே ராக்கெட் தானாக பற்றிக்கொண்டது. 21 பேர் பலி. நம்ம நாட்டிலும் நடந்திருக்கிறது. 2004 பிப்ரவரி 23-ந்தேதி ஸ்ரீஹரிகோட்டா திட எரிபொருள் ஆலையில் ஏற்பட்ட தீயில் 6 பேர் உயிரிழந்தார்கள்.

இத்தனை படிப்பு, இத்தனை கட்டுப்பாடு உள்ள இடத்திலேயே இந்த கதி என்றால், பட்டாசு பட்டறைகளை சொல்ல வேண்டுமா? 2012 செப்டம்பர் 5-ந்தேதி சிவகாசி முதலிப்பட்டி விபத்தில் 40 பேர் வரை கருகினார்கள். குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்தால் உரசலுக்கே வெடிக்கும் என்பதால் அந்த கலவைக்கு 1992-லேயே மத்திய அரசு தடை போட்டது. கோவில் திருவிழாவுக்கு வாணம் செய்யும் சின்ன பட்டறைகள் திண்டுக்கல் மாவட்டத்திலும் உண்டு. அங்கே மருந்து கலக்குகிறவர் வாங்குவது தினக்கூலிதான்.

விபத்துகளை வரிசையாக பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். இந்த உப்பு பெரும்பாலும் தன் பாட்டுக்கு சும்மா கிடக்கும். அளவுக்கு மேல் குவித்து வைத்தாலோ, சேரக்கூடாததோடு சேர்ந்தாலோ, அவசரப்பட்டு உரசினாலோதான் ஆபத்து. இது எதுவும் விதி அல்ல. மேலே இருப்பவர் போடும் டார்கெட்டும், கீழே இருப்பவருக்கு கிடைக்காத பயிற்சியும்தான் அங்கே வேலை செய்கிறது.

கிணற்றில் இறங்கினால் போகாது

இரண்டாவது கேள்வி தண்ணீர். வெடி விபத்து ஒரு நாளில் தெரிந்துவிடும். தண்ணீர் கெட்டது தெரிய பல வருஷம் ஆகும்.

பெர்குளோரேட் உப்புதானே, தண்ணீரில் சுலபமாக கரைந்துவிடும். நிறம் தெரியாது, வாசனை வராது. மண் அதை பிடித்து வைக்காது. நிலத்தடி நீரோடு நகர்ந்துகொண்டே போகும். கொதிக்க வைத்தாலும் போகாது. ஆர்.ஓ. மாதிரியான முறைகள்தான் பிரிக்கும்.

உடம்புக்குள் போனால் என்ன செய்யும்? தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். அதற்காகத்தான் கடையில் அயோடின் உப்பு விற்கிறார்கள். பெர்குளோரேட் அந்த அயோடினை வழியில் நின்று மறித்துவிடும். தைராய்டு அதிகமாக சுரந்தவர்களுக்கு அன்று மருந்தாக கொடுத்தது இதனால்தான். நல்லா இருக்கிறவருக்கு இது தினமும் குடிநீரில் வந்தால்? தைராய்டு குறையும் ஆபத்து. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள். வயிற்றுப்பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு தைராய்டு நீர் அவசியம்.

ஆலுவா ஆலையை சுற்றியுள்ள கீழ்மாடு பகுதி கிணறுகளில் பெர்குளோரேட் கலந்திருப்பது ஆய்வில் தெரியவந்தது. சிவகாசி பட்டாசு ஆலை பகுதியில் எடுத்த நிலத்தடி நீரில் லிட்டருக்கு 7 ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் இருந்ததாக 2013-ல் வெளியான ஆய்வு சொன்னது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு சொல்லும் அளவு 70. அப்படியென்றால் 100 மடங்கு!

அமெரிக்காவில் ஹெண்டர்சன் ஆலைகளில் இருந்து கசிந்த பெர்குளோரேட் பல லட்சம் பேருக்கு குடிநீர் தரும் கொலராடோ ஆற்றிலேயே கலந்திருப்பது 1997-ல் தெரிந்தது. கலிபோர்னியா மாநிலம் 2007-ல் 6 மைக்ரோகிராம் என்று கறாராக அளவு வைத்தது. இந்தியாவில் 2012-ல் வெளியான குடிநீர் தரப்பட்டியலில் பெர்குளோரேட்டுக்கு என்று தனி அளவே கிடையாது. அளவே இல்லாதபோது அதை யார் சோதிப்பார்கள்?

திண்டுக்கல் படித்த பாடம்

இந்த இடத்தில்தான் திண்டுக்கல்லின் பழைய காயம் ஞாபகத்துக்கு வருகிறது. இங்கே வந்தது ராக்கெட் உப்பு இல்லை, தோல் ஷாப் உப்பு. தோல் பதனிட்ட கழிவுநீர் வயலிலும் வாய்க்காலிலும் இறங்கி கிணறுகளை கெடுத்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கில் 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. குடிதண்ணீருக்காக பெண்கள் மைல் கணக்கில் நடந்தார்கள். இத்தனையும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பிலேயே பதிவாகி இருக்கிறது.

1996 ஆகஸ்ட் 28-ந்தேதி வந்த அந்த தீர்ப்பு நாட்டுக்கே வழிகாட்டி. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்றது. கெடுதல் வரும் என்று முழுசாக நிரூபணம் ஆகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்றது. இந்த இரண்டு வரிகளை இந்திய சட்டத்தில் அழுத்தமாக எழுத வைத்ததில் திண்டுக்கல் கிணறுகளுக்கும் பங்கு உண்டு.

தீர்ப்பு வந்தது சரி. கெட்ட கிணறு உடனே இனித்துவிட்டதா? ஒரு தடவை நிலத்தடியில் இறங்கிய உப்பை திரும்ப எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அதனால் ராக்கெட் தொழில் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. புயல் வருவதை முன்கூட்டி சொல்வதும், செல்போனில் வழி காட்டுவதும், கடலில் படகு திசைமாறாமல் இருப்பதும் செயற்கைக்கோளால்தான். அதை மேலே தூக்க இந்த உப்பு வேண்டும். திரவ எரிபொருள், கிரையோஜெனிக் என்று மகேந்திரகிரியில் மாற்று என்ஜின்களை சோதித்து வருகிறார்கள். இருந்தாலும் சின்ன ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் திட எரிபொருள் சீக்கிரத்தில் விடைபெறாது.

செய்ய வேண்டியது பெரிய செலவும் இல்லை. எரிபொருள் பூங்கா ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே சுற்றியுள்ள ஊர் கிணறுகளில் தண்ணீர் எடுத்து சோதித்து, கணக்கை ஊராட்சி அலுவலக சுவரில் ஒட்ட வேண்டும். ஆலை வந்த பிறகு அதே கிணறுகளை வருஷா வருஷம் சோதிக்க வேண்டும். அப்போதுதான் 'இது முன்னாடியே இருந்துச்சு' என்று யாரும் கை கழுவ முடியாது. பட்டாசு ஆலைகள் இருக்கும் ஊர்களுக்கும் இதே சோதனை வேண்டும். குடிநீர் தரப்பட்டியலில் பெர்குளோரேட்டுக்கு ஒரு அளவு வேண்டும். மருந்து கலக்கும் ஒப்பந்த தொழிலாளிக்கு நிரந்தர ஊழியருக்கு கிடைக்கும் அதே பயிற்சி, அதே கவசம், அதே இன்சூரன்ஸ் வேண்டும்.

ஐதர் அலி வெடிமருந்தை ஊருக்குள் வைக்காமல் பாறை உச்சியில் வைத்தார். எதை எங்கே வைக்க வேண்டும் என்ற புத்தி அன்றைக்கே இருந்தது. குலசையில் முதல் ராக்கெட் கிளம்பும் நாளில் திண்டுக்கல் டீக்கடையிலும் நிச்சயம் கைதட்டல் கேட்கும். அந்த ராக்கெட்டுக்கு மருந்து கலக்கியவர் வேலை முடிந்து பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அவர் வீட்டு கிணற்றுத் தண்ணீரை அவர் பிள்ளை பயமில்லாமல் குடிக்க வேண்டும்.